பெல்ட் பரீட்சையும் கராத்தேப் பயிற்சியும்

பிள்ளையைக் கராத்தே வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, பிளாக் பெல்ட் வாங்க எத்தனை வருஷம் ஆகும் என்பதுதான். மூன்றே வருஷம் என்று தயங்காமல் விடை சொல்லும் மாஸ்டரின் பள்ளியே சிறந்த பள்ளி என்ற எண்ணமும் நம் ஊர்களில் வேரூன்றி வருகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு பரீட்சையும் பரீட்சைதோறும் ஒரு புது நிறமும் இல்லாவிட்டால் சிறுவர்களின் உற்சாகம் குன்றிப்போகும் என்று இவ்வழக்கத்துக்குச் சமாதானம் சொல்கிறார்கள்.

உற்சாகம் அவசியம் என்பதில் எனக்கு விவாதம் இல்லை. பெல்ட்டும் தகாத வழக்கமன்று. ஜூடோவுக்கு ஜிகோரோ கானோ வகுத்த 'டான்' என்னும் தர முறையைத் தழுவி, 1922இல் ஓகினாவாவிலிருந்து டோக்கியோவுக்கு வந்த கராத்தே ஆசிரியர் கிச்சின் புனாகோஷியே 1924இல் தம் மாணாக்கர் சிலருக்குக் கறுப்புப் பெல்ட் அளித்தார். ஆனால் அதே புனாகோஷி, டெக்கி என்னும் மூன்று கட்டாக்களுக்காகவே (வரிசையாகச் செய்யும் அசைவுத் தொகுப்புகள்) பத்து வருஷம் செலவிட்டவர். ஆசிரியருக்குத் திருப்தி உண்டாகும்வரை ஒரே கட்டாவை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்து வளர்ந்தவர்.

அந்தத் திருப்தியைத்தான் இன்றைய பரீட்சை அடியோடு அழித்துவிட்டது. பரீட்சைக் கட்டணம், சான்றிதழ், புது பெல்ட் ஆகியவற்றின் வருமானத்தில் பள்ளி நடக்கும்போது, ஒரு பையனைத் தவறியவன் என்று சொல்வது மாஸ்டர் தம் ஜீவனத்தில் தாமே கை வைப்பதாகும். அவன் பெற்றோர் மறுநாளே அடுத்த தெருப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். ஆகையால் ஒருவரும் தவறுவதில்லை. ஹெய்யான் ஷோதான் என்னும் தொடக்கக் கட்டாவைச் செய்யும் சிறுவனைக் கவனியுங்கள்: திரும்பும்போது பின்குதிகால் தரையை விட்டு எழும்புகிறது, முன்முழங்கால் மடங்காமல் விறைத்து நிற்கிறது, குத்தும் கைக்கு எதிராக இடுப்புக்கு வந்து சேர வேண்டிய மற்றக் கை விலாப் பக்கத்திலே தொங்குகிறது. இருபத்தொரு அசைவுகளையும் அவன் வரிசை பிசகாமல் ஒப்பித்துவிட்டான். அது போதுமென்று அடுத்த நிறத்தைக் கட்டிவிடுகிறார்கள். அந்தக் குதிகால் கறுப்புப் பெல்ட் வரையிலும் அப்படியே எழும்பிக்கொண்டிருக்கும்.

இதைச் சிறு குறை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. தற்காப்புக்கென்றே பெண்களை அனுப்புகிறோம். எதிரில் நிற்பவர் நிஜமாகவே பிடித்து இழுத்தால் கால் எங்கே ஊன்ற வேண்டுமென்று ஒருநாளும் பழகாத பெண்ணின் இடுப்பில் கறுப்புப் பெல்ட்டைக் கட்டி, உனக்கு இனிப் பயமில்லை என்று சொல்லி அனுப்புவது, என் அபிப்பிராயத்தில், ஒன்றும் கற்பிக்காமல் விடுவதைக் காட்டிலும் பெரிய துரோகம். கல்லாதவளுக்கு விலகி ஓட வேண்டுமென்ற எச்சரிக்கையாவது மிஞ்சியிருக்கும்.

ஆகவே பள்ளியைத் தேடுகிறவர்கள் அலமாரியில் அடுக்கிய கோப்பைகளைப் பார்க்க வேண்டாம். வெள்ளை பெல்ட் பிள்ளைகளின் வகுப்பில் ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து, மாஸ்டர் எத்தனை முறை வகுப்பை நிறுத்தி ஒரு பிள்ளையின் காலைத் திருத்துகிறார் என்று பார்க்கட்டும். பிறகு, சென்ற பரீட்சையில் யாரேனும் தவறினார்களா, தவறியவர்கள் இன்னும் வகுப்புக்கு வருகிறார்களா என்று அவரிடமே கேட்கட்டும். உட்கார்ந்து பார்க்க இடந்தராத பள்ளியிலும், எல்லோரும் தேறிவிட்டார்கள் என்று பெருமையோடு சொல்லும் பள்ளியிலும் பணம் கட்ட வேண்டாம்.