பிறந்த ஊரும் பார்த்த வேலையும்

தமிழ் நாவலாசிரியர்களை ஊர்வாரியாகப் பங்கு பிரிப்பது நமக்கு ஊறிப்போன வழக்கம். கரிசலுக்கு கி. ராஜநாராயணன், கொங்குக்கு ஆர். சண்முகசுந்தரம், தஞ்சைக்கு தி. ஜானகிராமன். மலருக்குக் கட்டுரை எழுதுகிறவனுக்கு இது ரொம்ப வசதி. ஆனால் பிறந்த ஊர் பாதிதான் தரும்; மீதியைத் தருவது பார்த்த வேலை என்பது என் கணக்கு.

ப. சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். 1938இல் பிழைப்புத் தேடிக் கப்பலேறி சுமத்ராவின் மெடான் நகருக்குப் போனார். ஜப்பானியர் வந்ததையும் போனதையும் அங்கிருந்தே பார்த்தார். 1946இல் திரும்பி, மதுரையில் ‘தினத்தந்தி’யில் வேலைக்குச் சேர்ந்தார். ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல்தான் அச்சேறியது. அதில் பெட்டியடி, அடுத்தாள், மேலாள் என்று வட்டிக்கடைச் சொற்கள் பாட்டுக்கு வந்து போகும்; எதற்கும் பொருள் சொல்ல ஆசிரியர் நிற்பதில்லை. கூடவே மலாய்ப் பேச்சு, பழந்தமிழ்ப் பாட்டின் கேலிச் சாயல், குடிகாரர் தர்க்கம். பல பாஷைக்காரர்கள் நெருக்கியடித்த தெருவில் காலம் தள்ளிய காதுக்குத்தான் அப்படி ஒரு நடை வாய்க்கும். நாவலின் பாண்டியன் மெடானில் இருந்துகொண்டு மதுரைத் தெருக்களை நினைக்கிறான். எழுதியவரோ மதுரையில் உட்கார்ந்து மெடானை நினைத்தார்.

அசோகமித்திரன் செகந்திராபாத்தில் பிறந்தவர். அந்த ஊர் ‘18வது அட்சக்கோடு’ ஆயிற்று. ஜெமினி ஸ்டூடியோவில் பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்த்த வேலை அவருக்கு வேறொன்றைக் கொடுத்தது. சினிமாவைப் பின்வாசல் வழியாகப் பார்க்கும் கண் அது. ‘கரைந்த நிழல்க’ளில் நட்சத்திரங்களைவிட, விடியுமுன் எழுந்து வெளிப்புறப் படப்பிடிப்புக்கு ஓடும் தயாரிப்பு நிர்வாகியின் அல்லாட்டம்தான் முதலில் வருகிறது. குரல் உயராத அந்த வாக்கியங்களும் கோப்பு அடுக்கியவருடையவைதாம்.

தோப்பில் முஹம்மது மீரான் மலையாள வழியில் படித்தவர். தேங்காய்ப்பட்டினத்துத் தமிழைக் காதால் வாங்கி அப்படியே இறக்கினார்.

ராஜம் கிருஷ்ணன் வழி வேறு. வாழ்ந்த இடத்தை எழுதுவதோடு நிற்காமல், எழுத வேண்டிய இடத்துக்குப் போய்த் தங்கிக் கேட்டு எழுதினார். ‘கரிப்பு மணிக’ளில் தூத்துக்குடி உப்பளத்துக் கூலியும் வெயிலும் பிசகாது. பேச்சு மட்டும் சில இடங்களில் குறிப்பேட்டிலிருந்து எழுந்து வருவதுபோல எனக்குப் படும். மறுப்பவர்கள் உண்டு; மறுக்கட்டும்.

என் உரைகல் இதுதான்: உள்ளே இருந்தவர் விளக்க மாட்டார். கி.ரா.வும் கதையில் விளக்குவதில்லை. விளக்கத் தோன்றியபோது கரிசல் வழக்குக்குத் தனியாக அகராதியே போட்டுவிட்டார்.

அனுபவம் இருக்கிறது என்பதற்காக எழுதிக்கொண்டே இருக்கவேண்டும் என்றும் இல்லை. ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ என்ற இரண்டு நாவல்களோடு சிங்காரம் நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு கால் நூற்றாண்டு இருந்து, 1997இல் காலமானார்.