பாதி ஜெம்ஸ்

ஜெம்ஸ் மிட்டாயை நடுவில் வெட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. கத்தி வழுக்கும், அழுத்தினால் வண்ண ஓடு நொறுங்கி, உள்ளே இருக்கும் சாக்லேட் தனியே தெறிக்கும். மகனுக்கு மூன்று வயது முடிவதற்குள் என் அக்கா இதில் கைதேர்ந்துவிட்டாள். முழு மிட்டாய் கொடுத்தால் பத்து தடவையில் பையனுக்கு ஆசை அடங்கிவிடும், பாதி கொடுத்தால் இருபது தடவை சொன்ன பேச்சைக் கேட்பான் என்று தெரபி மையத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஆட்டிசம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த மறு வாரமே பெற்றோர் காதில் விழும் மூன்றெழுத்து ஏ.பி.ஏ. செயல்முறை நடத்தைப் பகுப்பாய்வு என்று தமிழில் சொல்லலாம், யாரும் சொல்வதில்லை. ஒரு கட்டளை, அதற்குக் குழந்தையின் பதில், பதில் சரியாக இருந்தால் உடனே ஒரு பரிசு. மேசைக்கு இந்தப் பக்கம் குழந்தை, அந்தப் பக்கம் பயிற்சியாளர், நடுவில் பாதி ஜெம்ஸ். இதை ஆதரிப்பவர்கள் வேறு எதையும் ஏற்பதில்லை. எதிர்ப்பவர்களோ நாய்க்குப் பழக்கம் சொல்லித் தருவதைப் போல என்பார்கள். எட்டு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்த எனக்கு இரண்டு பேச்சிலும் உடன்பாடில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அது பெரிய நல்லது. பல் துலக்குவது நமக்கு ஒரே வேலை. பிரஷ்ஷை எடுப்பது, மூடியைத் திருகுவது, பட்டாணி அளவு பேஸ்டைப் பிதுக்குவது, குழாயை மூடுவது என்று பிரித்து எழுதினால் பதினான்கு படி வருகிறது. அக்கா கடைசிப் படியிலிருந்து தொடங்கினாள். பதின்மூன்றையும் அவளே செய்து, பிரஷ்ஷைக் கழுவி டம்ளரில் போடுவதை மட்டும் அவனிடம் விட்டாள். வேலையை முடித்த திருப்தி ஒவ்வொரு நாளும் அவனுடையது. அப்புறம் பதின்மூன்றாவது, பன்னிரண்டாவது என்று பின்னோக்கி நடந்து, ஏழு மாதத்தில் வேலை முழுவதும் அவன் கைக்குப் போனது. "அவனுக்கு வராது" என்று சொந்தக்காரர்கள் சொன்னதை ஒரு தாளும் பென்சிலும் பொய்யாக்கின.

அதைவிடப் பெரியது கையைக் கடிக்கும் விஷயம். காலையில் திடீரென்று மணிக்கட்டைக் கடித்துக்கொள்வான். ரத்தம் கட்டிப்போகும். பிடிவாதம் என்றார்கள், கண் திருஷ்டி என்றார்கள். மையத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொன்னார்கள்: கடிப்பதற்கு முன் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது. இரண்டு வாரத்தில் விடை கிடைத்தது. சட்னி அரைக்க மிக்ஸி ஓடும்போது கடிக்கிறான். மிக்ஸி பின்கட்டுக்குப் போனது. அரைப்பதற்கு முன் அவனிடம் ஒரு படத்தைக் காட்டினார்கள், காதுக்கு ஒரு மூடி வாங்கினார்கள். கடி பெரும்பாலும் நின்றுபோனது.

இந்த இடத்தில் கவனித்தால் ஒன்று புரியும். பல் துலக்கியதில் மாறியது பிள்ளை. மிக்ஸி விஷயத்தில் மாறியது வீடு. நோட்டும் பென்சிலும் முறையும் இரண்டுக்கும் ஒன்றுதான். எதை மாற்றவேண்டும் என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்பதை அந்த முறை தானாகச் சொல்வதில்லை. என் வழக்கு முழுக்க இதில்தான்.

இந்தப் பயிற்சிக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தவர் லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஐவார் லோவாஸ். 1987இல் அவர் வெளியிட்ட ஆய்வில் நான்கு வயதுக்குட்பட்ட 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம், இரண்டு ஆண்டுக்கு மேல் பயிற்சி தரப்பட்டது. அவர்களில் 9 பேர் சராசரி அறிவுத்திறன் மதிப்பெண்ணோடு சாதாரணப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பை முடித்தார்கள். ஆட்டிசக் குழந்தைகளைக் காப்பகத்தில் விடச் சொல்லிப் பழகியிருந்த உலகத்தில் இந்தச் செய்தி எப்படிப் பரவியிருக்கும் என்று ஊகிக்கலாம். குழந்தைகள் பயிற்சிக் குழு, ஒப்பீட்டுக் குழு என்று குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை என்பது அவ்வளவாகப் பரவவில்லை. உரத்த அதட்டலும் சில சமயம் தொடையில் அடியும் அந்தப் பயிற்சியில் உண்டு என்பதும்தான். 2018இல், மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு இந்தத் தீவிரப் பயிற்சி பற்றிய சான்றுகளைத் திரும்பத் திரட்டியபோது தகுதி பெற்றவை ஐந்தே ஆய்வுகள், மொத்தம் 219 குழந்தைகள். பயன் இருக்கக்கூடும், ஆனால் சான்று வலுவானதல்ல என்பது அவர்கள் முடிவு.

நம்மூருக்கு வந்து சேர்ந்ததோ அந்த 40 மணி நேரம்கூட இல்லை. வாரத்துக்கு இரண்டோ மூன்றோ தடவை, முக்கால் மணி நேரம். மிச்சமெல்லாம் வீட்டுப்பாடம், அதாவது அம்மா. ஒரு காலத்தில் புரூனோ பெட்டல்ஹைம் போன்ற உளவியலாளர்கள், தாயின் பாசமில்லாமையால்தான் ஆட்டிசம் வருகிறது என்றார்கள். அதைத் தவறென்று 1964இல் புத்தகம் எழுதி வாதாடிய பெர்னார்ட் ரிம்லாண்டே ஆட்டிசக் குழந்தையின் தகப்பன். லோவாஸின் பயிற்சியைப் பெற்றோரிடம் எடுத்துச் சென்றவர்களில் அவரும் ஒருவர். பழி ஒழிந்தது என்று நினைத்தால் அது வேறு சேலை கட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. இன்றைக்கு எத்தனை மணி நேரம் உட்காரவைத்தாய், ஏன் விட்டுவிட்டாய்? அக்கா வேலையை விட்டாள். அத்தான் விடவில்லை, அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

இனி குறிக்கோள்களுக்கு வருகிறேன். என் அக்கா மகனின் கோப்பில் முதல் குறிக்கோள், "லுக் அட் மீ" என்றதும் ஐந்து விநாடி கண்ணைப் பார்ப்பது. தமிழ் வீட்டில் பெரியவர்களை நேருக்கு நேர் பார்த்தால் "என்னடா மொறைக்கிற?" என்று அதட்டு விழும். தலையைக் குனிந்து பேசுவதை மரியாதை என்று வளர்க்கும் ஊரில், கண்ணைப் பார்ப்பது எப்படிப் பாடத்தின் முதல் வரியானது? இறக்குமதி ஆன பட்டியல், அப்படியே ஜெராக்ஸ் எடுத்தது, அவ்வளவுதான். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், எதிராளியின் கண்ணைப் பார்த்தால் அவர் பேசுவது காதில் ஏறுவதில்லை என்று எழுதியிருக்கிறார்கள். கேட்பதற்காகத்தான் பார்வையைத் திருப்புகிறார்கள். அதைத் தடுத்துவிட்டு, கவனிப்பதில்லை என்று மதிப்பெண் போடுகிறோம்.

இரண்டாவது, கையை ஆட்டாமல் வைத்திருப்பது. அவன் சந்தோஷம் வந்தால் விரல்களை முகத்துக்கு நேரே படபடக்க வைப்பான். யாருக்கும் இடைஞ்சல் இல்லை. கல்யாண மண்டபத்தில் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதைத் தவிர அதில் என்ன கெடுதல் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. கனடாவில் இந்தப் பயிற்சிக்கு அரசே பணம் தரவேண்டும் என்று பெற்றோர்கள் வழக்காடிய சமயத்தில், ஆட்டிசம் உள்ளவரான மிஷெல் டாசன் 2004இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பயிற்சி பலிக்கிறதா என்று மட்டுமே விவாதிக்கிறீர்கள், அது அறமா என்று ஏன் கேட்பதில்லை என்பது அதன் சாரம்.

இங்கே அந்தக் கேள்வி எழாததற்கு ஒரு காரணம் உண்டு. கையைக் கட்டு, வாயைப் பொத்து என்பது நமக்குப் பழைய பாடம். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளைதான் நல்ல பிள்ளை. அமெரிக்கப் பயிற்சி முறை நம் வாத்தியார் மரபோடு இவ்வளவு சுமுகமாகப் பொருந்தியது நல்ல சகுனம் இல்லை. எந்தப் பெரியவர் சொன்னாலும் உடனே கீழ்ப்படிய ஆயிரம் தடவை பழக்கப்பட்ட பிள்ளையிடம், தப்பான ஆள் தப்பானதைச் சொன்னால் என்ன ஆகும்? அதற்குப் பட்டியலில் ஒரு வரி கிடையாது.

மொழியையும் சொல்லவேண்டும். கட்டளைகள் எல்லாம் ஆங்கிலம். இரண்டு மொழி கேட்டால் குழம்பிப்போவான், வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்றார்கள். இரண்டு மொழி ஆட்டிசக் குழந்தைகளின் பேச்சைக் கெடுக்கிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. நடந்தது என்னவென்றால், பையனோடு நாள் முழுக்க இருந்த பாட்டி வாயை மூடிக்கொண்டாள். "வாட்டர்" என்று மேசையில் சொன்ன பிள்ளை அடுக்களையில் தண்ணீர்ப் பானை பக்கத்தில் நின்று அழுதான். மேசையில் கற்றது மேசையோடு நின்றுபோவது இந்த முறையின் பழைய நோய். லோவாஸோடு வேலை பார்த்த ராபர்ட் கோகல் என்பவரே பிற்பாடு மேசையை விட்டு விலகி, குழந்தை எதை விரும்பி எடுக்கிறதோ அதை வைத்தே கற்றுத்தரும் முறைக்குப் போனார்.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு வழி சோதிக்கப்பட்டது. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடந்த ஆய்வு, 2016இல் முடிவு வெளியானது. நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வருவார். அம்மாவும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, இருவரும் சேர்ந்து போட்டுப் பார்ப்பார்கள். குழந்தை எதைக் காட்டியது, அம்மா எங்கே கவனித்தாள், எங்கே தவறவிட்டாள் என்று பார்ப்பதுதான் பாடம். அம்மாக்கள் குழந்தையின் போக்கோடு கூடுதலாக இசைந்துபோனார்கள். குழந்தைகள் தாங்களாகத் தொடர்புகொள்ளத் தொடங்குவது கூடியது. சிறிய ஆய்வுதான், இதைத் தலையில் தூக்கிவைத்து ஆடத் தேவையில்லை. பல் துலக்கச் சொல்லித்தர இது போதாது. அதற்கு அந்தப் பதினான்கு படி வேண்டும்.

போன வருடம் அக்கா பழைய கோப்பைப் பிரித்தாள். 23 குறிக்கோள்கள். நானும் அவளும் ஒவ்வொன்றாக எண்ணினோம். பெரியவர்கள் சொன்னதைச் செய்வது 19. அவனாகக் கேட்பது 4. மறுப்பது ஒன்றுகூட இல்லை. 24 என்று பென்சிலால் எழுதி, பக்கத்தில் "வேண்டாம் சொல்வது" என்று போட்டாள். மேசையில் அல்ல, சாப்பாட்டுத் தட்டில் தொடங்கினாள். அவனுக்குப் பிடிக்காத பாகற்காயை வைப்பாள். அவன் முகம் சுளித்ததும் "வேணாம்" என்று அவளே சொல்லி உடனே எடுத்துவிடுவாள். அதற்கு ஜெம்ஸ் தேவைப்படவில்லை.

ஒன்பதாம் நாள் பாகற்காய்க்கு "வேணாம்" என்றான். அடுத்த வாரம் குளிப்பதற்கு, சட்டைக்கு, காரில் ஏறுவதற்கு, நான் முத்தம் கொடுக்கப் போனதற்கு. பயிற்சியாளர் போன் பண்ணி, "என்னங்க, ரொம்ப அடம் பண்றானே?" என்றார். அக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, 24க்கு நேரே டிக் போட்டுக்கொண்டிருந்தாள்.