காளிய நர்த்தனப் படிமம்: திருவடியும் திருக்கையும்

சோழர் காலத்து வெண்கலப் படிமங்களுள் காளியன்மேல் ஆடும் கண்ணபிரானின் திருவுருவம் கலையறிஞர்களால் பெரிதும் போற்றப்படுவது. நியூயார்க் ஏசியா சொசைட்டி அருங்காட்சியகத்தில் ராக்ஃபெல்லர் தொகுப்பைச் சேர்ந்த படிமமும், புதுதில்லி தேசிய அருங்காட்சியகப் படிமமும் நூல்களில் பலகால் பேசப்பட்டவை. கும்பகோணத்தை அடுத்த ஊத்துக்காட்டில் இத்திருக்கோலம் இன்றும் ஆராதனத்தில் உள்ளது. இவ்வுருவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 'காளிய மர்த்தனம்' என்ற பெயரையே ஆண்டு, தீயவனை நசுக்கிய வெற்றியாகவே இதனை விளக்குகின்றனர். அவ்விளக்கம் பாதியளவே பொருந்தும் என்பதும், மற்றப் பாதியைப் படிமமே தன் அவயவங்களால் சொல்கிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதலில் சரிதத்தை நோக்குவோம். காளியன் யமுனையின் மடுவுக்கு வந்து சேர்ந்தது கருடனிடம் கொண்ட அச்சத்தால். ஸௌபரி முனிவரின் சாபத்தால் கருடன் அம்மடுவை அணுக இயலாது. ஆக, பிறருக்கு அச்சம் விளைத்த அந்நாகம் தானும் அச்சத்தால் ஒடுங்கியிருந்ததே. ஸ்ரீபாகவதம் தசம ஸ்கந்தத்தில் நாகபத்தினிகள் விண்ணப்பம் செய்தபின் கண்ணன் அவனை விடுவித்து, ரமணக த்வீபத்திற்குத் திரும்பிச் செல்லப் பணிக்கிறான். தன் திருவடித் தழும்பு தலையில் பொருந்தியிருப்பதால் இனிக் கருடன் அவனை உண்ணான் என்றும் அருளுகிறான். ஸ்ரீவிஷ்ணு புராணமும் கடலுக்குப் போகப் பணித்து இதே அபயத்தைத் தெரிவிக்கிறது. தலையை நெரித்த அதே திருவடி தலைக்குக் காவலாகவும் அமைந்தது. நிக்ரஹத்திற்கு ஒரு கருவியும் அநுக்ரஹத்திற்கு வேறொரு கருவியும் இங்கே இல்லை.

தலைகளின் எண்ணிக்கையும் கருதத்தக்கது. ஸ்ரீபாகவதம் நூற்றொரு தலைகளைக் கூறும். ஹரிவம்சம் ஐந்து தலைகளைக் கூறும். பெரியாழ்வாரும் தம் திருமொழியில் ஐந்து என்றே கொண்டு, நடனத்தைச் சொன்ன அளவில் நில்லாமல் அவனுக்கு அருள்செய்ததையும் சேர்த்தே பாடுகிறார். படிமங்களில் ஐந்து படங்கள் விரிந்திருப்பதைக் காணும்போது ஆழ்வாரின் திருவுள்ளம் நினைவுக்கு வருவது இயல்பே. எண்ணிக்கையில் ஆழ்வாரோடு ஒத்துப் பார்ப்பவர், அவர் சேர்த்துப் பாடிய அருளையும் படிமத்தில் தேடவேண்டும்.

அவ்வருள் எங்கே உள்ளது? ஒரு பாசுரத்தைப் பதம் பதமாகப் பிரித்து நோக்கும் பூர்வாசார்யர்களின் முறையில் இவ்வுருவை அங்கம் அங்கமாக நோக்கினால் விடை கிடைக்கும். பெரும்பாலும் இடத் திருவடி படத்தின்மேல் ஊன்றும். வலத் திருவடி மேலெழும். இடத் திருக்கை நீண்டு நாகத்தின் வாலைப் பற்றியிருக்கும். வலத் திருக்கை அபயம் காட்டும். பல சோழப் படிமங்களில் படங்களின்கீழ்க் காளியன் இடைக்குமேல் மனித வடிவம் கொண்டு, இரு கைகளையும் கூப்பியிருப்பான்.

பாம்பின்றிக் குழந்தைக் கண்ணன் தனித்து ஆடும் படிமங்களும் உள. அவற்றிலும் நிற்கும் நிலை ஏறத்தாழ இதுவே. அங்கே இடக்கை ஒன்றையும் பற்றாது ஆட்டத்தின் வீச்சாக நீளும். வலக்கை அபயமோ வெண்ணெயோ கொண்டிருக்கும். எனவே காளிய நர்த்தனத்தை வேறுபடுத்துபவை, பற்றிய வாலும் கூப்பிய கைகளும். இவ்விரண்டையும் பேசாத விளக்கம் இப்படிமத்திற்குரிய விளக்கமாகாது.

இங்கே ஒரு சங்கை எழலாம். அபயம் கரையில் கலங்கி நின்ற ஆயர்களுக்கன்றோ? காளியனுக்கு என்று கொள்வது வலிந்துரையாகாதோ? ஆயர்களுக்கும் ஆகுக, தடையில்லை. ஆயினும் படிமத்தில் ஆயர்கள் இல்லை. கரையும் மரமும் மடுவும் இல்லை. நாகபத்தினிகளும் இத்தனிப் படிமங்களில் வடிக்கப்படவில்லை. அவர்கள் செய்த புருஷகாரத்தின் பயனாகிய அஞ்சலி மட்டும் காளியன் கைகளில் எஞ்சி நிற்கிறது. எம்பெருமானையன்றி அங்கிருப்பவன் காளியன் ஒருவனே, அஞ்சியவனும் அவனே, கை கூப்பியவனும் அவனே. கூப்பிய கைக்கு மறுமொழியாக ஒரு திருக்கை உயர்ந்திருக்கையில், அம்மறுமொழி அவனுக்கன்று என்பதே வலிந்துரையாகும்.

ஊத்துக்காட்டுத் திருமேனியைப் பற்றி மற்றொரு சங்கை உண்டு. அங்கே திருவடிக்கும் படத்திற்கும் இடையே மெல்லிய தாள் நுழையும் அளவு இடைவெளி உள்ளதென்றும், வாலைப் பற்றிய திருக்கையே திருமேனியைத் தாங்குகிறதென்றும் அடியார்கள் வியந்து கூறுவர். திருவடி தலையில் படவில்லையாயின் தழும்பு எங்ஙனம்? திருவடி ஸம்பந்தம் எங்ஙனம்? ஆட்டமாவது ஊன்றுதலும் எடுத்தலும் மாறிமாறி நிகழ்வது. இவ்வார்ப்பு ஊன்றிய திருவடி சற்றே மேலெழும் கணத்தைப் பிடித்தது என்று கொள்ளின் முரண் இல்லை. மேலும், பாரம் தலையிலிருந்து நீங்கியபின்னும் வால் திருக்கையில் உள்ளது. தண்டனை தளர்ந்தும் பற்று விடவில்லை. அவ்விடைவெளியைச் சிற்பியின் கைத்திறமாக மட்டும் வியந்து திரும்புவோர் இப்பொருளை இழக்கின்றனர்.

வார்ப்புத் தொழிலின் நோக்கிலும் வாலுக்கு வேலை உண்டு. ஒற்றைக் காலில் ஆடும் உருவத்திற்கு உறுதி வேண்டும். பீடத்திலிருந்து எழுந்து திருக்கையை அடையும் வால் இரண்டாவது ஆதாரமாகிறது. சிற்பி உறுதிக்காக வைத்தானா, பொருளுக்காக வைத்தானா என்று பிரித்துக் கேட்க வேண்டுவதில்லை. நல்ல வார்ப்பில் இரண்டும் ஒன்றாயிருக்கும். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவைச் சமைத்து, காவிரி வண்டல் மண்ணால் மூடி, சூட்டில் மெழுகை உருக்கி வடித்து, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றுகின்றனர். பின் அச்சை உடைத்தே உருவை எடுப்பர். அதே அச்சில் மற்றோர் உரு வாராது. எதை வைப்பது, எதை விடுவது என்பது ஒவ்வொரு முறையும் மெழுகிலேயே புதிதாகத் தீர்மானிக்கப்படுகிறது.

ஆதலால்தான் இக்காலத்து வார்ப்புகள் சிலவற்றைக் குறித்து ஒரு குறையைச் சொல்லவேண்டியுள்ளது. கண்ணனின் ஆபரணங்களும் திருமுகமும் நுணுக்கமாக அமைந்திருக்க, காளியனோ முகமும் கையும் இன்றி வெறும் பாம்புப் பீடமாகச் சுருங்கிவிடுகிறான். வாலும் திருக்கையில் பொருந்தாமல் அலங்கார வளைவாக நிற்பதுண்டு. அத்தகைய உருவில் அபயம் யாரை நோக்கியது என்பதே விளங்காது. மிதிப்பவன் உண்டு, மிதியுண்டவன் இல்லை. சரணம் புகுந்தவனை நீக்கிவிட்டு ரக்ஷகனை மட்டும் வார்ப்பது ஸம்ப்ரதாயத்திற்கு ஏற்புடையதன்று.

காண்பவரிடத்தும் குறை உண்டு. அருங்காட்சியகத்தில் முழு உருவும் தெரிகிறது, ஆராதனம் இல்லை. ஸந்நிதியில் ஆராதனம் உண்டு. வஸ்திரமும் மாலைகளும் கீழ்ப்பாகத்தை மறைத்துவிடக் காளியனை நோக்காமலே மீள்கிறோம். திருமஞ்சன காலத்தில் ஸேவிக்கும் பேறு பெற்றவர் திருமுக மண்டலத்தை அநுபவித்தபின் திருவடியின்கீழும் கண்ணைச் செலுத்தவேண்டும். புதிதாக உருவம் பண்ணுவிப்போர் ஸ்தபதியிடம் முதலில் கேட்டுப் பெறவேண்டியவை அக்கூப்பிய கைகளே. குற்றம் செய்தவர்களாகிய நாம் இப்படிமத்தில் நமக்குரிய இடத்தைக் காண்பது அங்கேதான்.