மடத்துக் கல்லும் மிளகு வரியும்

லிஸ்பன் நகரில், தேஜோ ஆற்றங்கரையில் பெலெம் என்றொரு பகுதி. அங்கே நிற்கிறது ஜெரோனிமோஸ் மடாலயம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பகல் முழுக்க அதற்குள் சுற்றினேன்.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கோபத்தோடு போனவன்தான். மிளகும் பீரங்கியும் மனசில் இருந்தன. ஆனால் தேவாலயத்துக்குள் நுழைந்து, மெல்லிய தூண்கள் மேலே போய் ஓலை விரித்தாற்போல் கூரையோடு கலப்பதை அண்ணாந்து பார்த்தபோது கோபம் வாயடைத்துப்போனது. இதை மறைத்துக்கொண்டு எழுதும் காலனிய எதிர்ப்பு விமர்சனம் பாதிப் பொய். அதிகாரம் நம் வாயை மூடுவது பெரும்பாலும் அழகைக் கொண்டுதான்.

உள்முற்றத்தைச் சுற்றிய இரண்டடுக்குத் தாழ்வாரத்தில் கல் கயிறாக முறுக்குகிறது, கொடியாகப் படர்கிறது, வான்கோளமாகச் சுழல்கிறது. இதற்கு 'மனுவலியப் பாணி' என்று பெயர். கட்டத் தொடங்கி மூன்று நூற்றாண்டு கழித்து, 1842இல் வார்ன்ஹாகன் என்பவர் வைத்தது. செதுக்கிய கைகளை விட்டுவிட்டு, கட்டச் சொன்ன அரசன் மனுவேலின் பெயரைப் பாணிக்குச் சூட்டினார்கள். பிறகு எல்லோரும் 'கடலைப் பாடும் கல்' என்று வாசித்தார்கள். சரி, கடல் இருக்கிறது, கயிறு இருக்கிறது. சரக்கு எங்கே?

சரக்கு அஸ்திவாரத்தில் இருக்கிறது. ஆப்பிரிக்காவோடும் கீழைநாடுகளோடும் நடந்த வணிகத்தில் இருபதில் ஒரு பங்கு வரி இந்தக் கட்டிடத்துக்குப் போனது. 'மிளகின் இருபதில் ஒன்று' என்றே அந்த வரிக்குப் பெயர். வேலை தொடங்கியது 1501-02 வாக்கில். அதே 1502இல்தான் வாஸ்கோ ட காமா, மெக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர்களை அவர்கள் கப்பலோடு எரித்தான். அவனுடைய கல்லறையும் இங்கேயே இருக்கிறது. அரசனின் ஆன்மாவுக்காகவும் கடலோடிகளுக்காகவும் ஜெபிப்பது அன்று இந்த மடத்துத் துறவிகளின் கடமையாக இருந்தது. எரிந்தவர்களுக்கு ஜெபம் கிடையாது.

பீடத்தருகே மனுவேலும் அவன் மகன் மூன்றாம் ஜொவாமும் கிடக்கிறார்கள். அவர்களின் கல்லறைகளைப் பளிங்கு யானைகள் சுமக்கின்றன. கீழைத்தேசத்துக்கு இங்கே கிடைத்த இடம் அதுதான்: சுமக்கிற இடம்.

இவ்வளவும் எழுதிவிட்டு எழுந்துவிடலாம். நமக்கு வேலை மிச்சம். ஆனால் ஊர் திரும்பிய பிறகு தெரிந்துகொண்ட ஒரு விஷயம் என்னை விடவில்லை. மடாலயத்தின் மேற்குப் பகுதியில் இருப்பது தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். 1554இல் லிஸ்பனில் அச்சான ஒரு சின்ன ஜெபப் புத்தகம் அதன் சேகரிப்பில் இருக்கிறது. அச்சேற்ற ஆணையிட்டவன், யானைகள் மேல் கிடக்கும் அதே மூன்றாம் ஜொவாம். புத்தகத்தின் மொழி தமிழ். எழுத்து ரோமன், கூடவே போர்த்துக்கீசியம்.

அச்சேறிய முதல் இந்திய மொழி தமிழ் என்று மேடைக்கு மேடை முழங்குகிறோமே, அந்தப் பெருமையின் முகவரி இதுதான். தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சானது 1578இல். அதற்கு 24 வருஷம் முன்னால் வந்த இந்தப் புத்தகத்தை, 1530களில் ஞானஸ்நானம் பெற்ற முத்துக்குளித்துறைப் பரதவர் கையில் கொடுத்திருந்தால் எத்தனை பேரால் எழுத்துக்கூட்டியிருக்க முடியும்? ரோமன் எழுத்து தெரிந்தவன்தான் வாசிக்க முடியும். தமிழ் பாதிரியார் வாய்க்குப் போனது. பரதவர் கண்ணுக்கு வரவில்லை.

ஆனாலும் அதைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. வின்சென்ட் த நசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா த க்ரூஸ் என்று மூன்று பேர் அதில் உழைத்திருக்கிறார்கள். தமிழ் பேசிய இந்தியர்கள். சொந்தப் பெயர் போய்விட்டது, ஞானஸ்நானப் பெயர்தான் மிச்சம். 'ழ'வை எந்த எழுத்தில் அடைப்பது என்று தெரியாமல் லிஸ்பனில் உட்கார்ந்து அவர்கள் மல்லுக்கட்டியிருப்பார்கள். அரசன் ஆணையிட்டான் என்பது வரலாறு. அந்த மூன்று வாய்கள் சொல்லிச் சொல்லிக் காட்டியதுதான் புத்தகம்.

தூண்களை அண்ணாந்து பார்த்து நின்றேனே, அதே வளாகத்தில்தான் அது இருந்தது. எனக்குத் தெரியவில்லை. மறுபடி அங்கே போகிறவர்கள் யானைகளைத் தாண்டி அந்தப் பக்கமும் விசாரியுங்கள். பெருமைப்பட அல்ல. அந்த மூன்று பேரும் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று கேட்க.