பூட்டிய கதவும் புறத்தே நின்றோரும்

கொள்ளைநோய் வந்தால் கதைகளும் பின்தொடர்ந்து வருவது இயல்பு. அவற்றைப் படிக்கும்போதும் திரையில் பார்க்கும்போதும் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இந்தக் கதை யார் பக்கம் நின்று நோயைப் பார்க்கிறது?

2011-இல் வெளிவந்த ‘7ஆம் அறிவு’ படத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையில் கொடிய நோய் பரப்பப்படுகிறது. அதை வெல்லும் ஆற்றல் எங்கே இருக்கிறதாம்? போதிதருமரின் வழித்தோன்றலுடைய மரபணுவில்! தமிழர் பெருமை பேசுகிறதென்று கைதட்டினோர் பலர். பெருமை வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆனால், அறிவு பிறப்பால் வருமென்று ஒப்புக்கொண்டால், வருணாசிரமம் பேசுவோரிடம் நாம் வாதாடுவது எதற்காக? அவர்கள் சாத்திரத்தைக் காட்டினர். இவர்கள் மரபணுவைக் காட்டுகின்றனர். பெரியம்மை ஒழிந்ததென்று 1980-இல் உலகம் அறிவித்தது. ஒழித்தது எந்தப் பரம்பரையின் குருதி? ஊர்ஊராகச் சென்று தடுப்பூசி போட்டோரின் உழைப்பன்றோ!

பின்னர் கொரோனா வந்தது. 2020 அக்டோபரில் ‘புத்தம் புது காலை’ என்று ஐந்து குறும்படங்கள் இணையத்தின் வழியே வீட்டுத் திரைக்கு வந்தன. அவற்றுள் நான்கு, வசதியான வீடுகளுக்குள் நடப்பவை. பிரிந்தோர் கூடுகின்றனர், பிணங்கியோர் இணங்குகின்றனர். கனிவான படங்களே, மறுக்கவில்லை. ஆயினும், கதவை அடைத்ததும் அன்பு மலரும் வீடு எத்தனை பேருக்கு வாய்த்தது? திருச்செந்தூரை அடுத்த ஆலந்தலையில் கடலை நம்பி வாழும் மீனவருக்கு உலையரிசி கதவுக்கு வெளியே, அலைக்கு அப்பாலன்றோ இருக்கிறது? அதே தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் கடந்தும் கடையைத் திறந்து வைத்திருந்ததாகப் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் அவ்வாண்டு சூனில் காவலில் வதைபட்டு மாண்டனரே! அந்த ஓலத்திற்கு இந்த வீடுகளில் சன்னல் இல்லை.

சன்னலைத் திறந்து காட்டிய படைப்பும் உண்டு. யு. ஆர். அனந்தமூர்த்தி கன்னடத்தில் எழுதி 1965-இல் வெளியான ‘சமஸ்காரா’ அது. ஆசாரத்தை மீறிய நாரணப்பன் பிளேக் நோயால் இறக்கிறான். அவனுக்கு ஈமக்கடன் செய்வது யார் என்று அக்கிரகாரம் ஏடு புரட்டுகிறது. எலிகள் செத்து விழுகின்றன; பிணம் நாறுகிறது; வாதம் மட்டும் ஓயவில்லை. முடிவில் அவனோடு வாழ்ந்த சந்திரி, இசுலாமியர் ஒருவரின் துணையால் இரவோடிரவாக உடலை எரிக்கிறாள். 1970-இல் படமானபோது சென்னைத் தணிக்கைக் குழு அதைத் தடுத்தது. பின்னர் அதுவே நாட்டின் சிறந்த படமெனத் தேசிய விருது பெற்றது!

கதைதானே என்பீரோ? 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யச் சென்றோரை, இதே சென்னையில் ஒரு கூட்டம் தாக்கி விரட்டியது. அக்கிரகாரத்தைத் தடுத்தது ஆசாரம். நம் தெருவை மறித்தது அறியாமை. பிணம் கிடந்தது இரண்டிடத்தும்!

கிருமிக்குச் சாதியில்லை, அது நுழையும் ஊருக்கு உண்டு. அந்த ஊரைக் காட்டாத கதை நோயைக் காட்டியதாகாது. எழுதுகோல் ஏந்தும் இளைஞர்களே! ஆலந்தலைக் கரைக்குச் செல்லுங்கள். சாத்தான்குளத் தெருவில் நில்லுங்கள். எழுதப்படாத கதைகள் அங்கே காத்திருக்கின்றன.