யார் போட்ட கோடு?

'பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர்' என்பதைத் தமிழில் 'விளிம்புநிலை ஆளுமைக் கோளாறு' என்று எழுதுகிறார்கள். விளிம்புநிலை என்ற சொல் நமக்குப் புதிதல்ல. விளிம்பில் யாரும் தானாகப் போய் நிற்பதில்லை, தள்ளப்படுகிறார்கள் என்று எழுதி வந்தவர்கள் நாம். எனவே இந்தக் கோட்டைப் போட்டது யார் என்று கேட்பது நம் வேலைதான்.

1938இல் நியூயார்க்கின் உளப்பகுப்பாய்வாளர் அடால்ஃப் ஸ்டெர்ன், 'நியூரோசிஸ்', 'சைக்கோசிஸ்' என்ற இரண்டு பெட்டியிலும் அடங்காத நோயாளிகளைப் பற்றி எழுதினார். கோடு கிடந்தது மருத்துவரின் பெட்டிகளுக்கு நடுவில். ஆனால் ஒட்டிக்கொண்டது நோயாளியின் நெற்றியில். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு அதை அதிகாரபூர்வமான நோயாக்கியது.

சுசானா கேசன் 1993இல் வெளியிட்ட 'கேர்ள், இன்டரப்டட்' என்ற நூலை இந்த இடத்திலிருந்துதான் நான் வாசிக்கிறேன். 1967இல், பதினெட்டு வயதில், முன்பின் பார்த்திராத ஒரு டாக்டர் அவளை டாக்ஸியில் ஏற்றி பாஸ்டன் அருகிலுள்ள மெக்லீன் மருத்துவமனைக்கு அனுப்புகிறார். ஏறத்தாழ இரண்டு வருஷம் அங்கே இருக்கிறாள். பல வருஷம் கழித்து வக்கீல் வைத்துத் தன் கோப்பை வாங்கி, அதன் பக்கங்களைத் தன் கதைக்கு நடுவே அப்படியே அச்சிடுகிறாள். டாக்டர் தன்னிடம் பேசியது இருபது நிமிஷம் என்கிறாள் அவள். மூணு மணி நேரம் என்கிறார் டாக்டர். கோப்பில் உள்ள நேரக் குறிப்புகளை வைத்தே வழக்காடுகிறாள். ஒருவரைப் பற்றி அதிகாரம் எழுதிய தாளுக்கு எதிராக அவரே எழுதும் தாள். சாட்சியம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

இந்தப் பெயரைச் சுற்றித் திரியும் கதைகளைப் பார்ப்போம். 'சும்மா நடிக்கிறா, திமிரு' என்பது முதல் கதை. கையைக் கீறிக்கொள்கிறவர்களில் பலர் அந்தத் தழும்பை முழுக்கைச் சட்டைக்குள் மறைக்கிறவர்கள். கைவிட்டுவிடுவார்களோ என்ற பயமும் உள்ளே கிடக்கும் வெறுமையும் தாங்க முடியாமல் போகும்போது உடம்பு அந்த வலியை வாங்கிக்கொள்கிறது. இந்த நோயுள்ளவர்களிடையே தற்கொலைச் சாவு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். நடிப்புக்கு யாரும் உயிரை விலையாகக் கொடுப்பதில்லை.

'ரெண்டு ஆளா மாறிடுவாங்க' என்பது இன்னொன்று. 2005இல் வந்த 'சந்திரமுகி', 'அந்நியன்' படங்கள் பழக்கிவிட்ட 'ஸ்ப்ளிட் பெர்சனாலிட்டி' வேறு, இது வேறு. இதில் இருப்பது ஒரே ஆள்தான். அந்த ஒரு ஆளுக்குத் தன்னைப் பற்றிய நிலையான பிடிமானம் இல்லை, அவ்வளவே.

'இது பொம்பளைங்க வியாதி' என்பார்கள். கேசன் அச்சிட்டுக் காட்டும் கையேடு, பெண்களிடம் அதிகம் 'கண்டறியப்படுகிறது' என்கிறது. பெண்களிடம் அதிகம் 'இருக்கிறது' என்று சொல்லவில்லை என்பதை அவள் பிடித்துக்கொள்கிறாள். 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு அவள் சந்தேகத்தை உறுதிசெய்தது. ஏறத்தாழ 35,000 பேரிடம் கேட்டதில் ஆண்கள் 5.6 சதம், பெண்கள் 6.2 சதம். பெரிய வித்தியாசம் இல்லை. ஆண் கோபப்பட்டால் கோபக்காரன், பெண் கோபப்பட்டால் கோளாறு.

'இது தீராது' என்பது எல்லாவற்றிலும் கொடிய கதை. கேசனை அடைத்து வைத்திருந்த அதே மெக்லீனில் 290 நோயாளிகளைப் பத்து வருஷம் பின்தொடர்ந்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். 93 சதம் பேருக்கு நோய்க்குறிகள் குறைந்தது இரண்டு வருஷம் விலகியிருந்தன. ஆனால் வேலை, உறவு எல்லாம் கூடிய முழு மீட்சி பாதிப் பேருக்குத்தான். நோய் விட்டாலும் ஊர் சேர்த்துக்கொள்ளவில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

கேசனிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அவள் தந்தை கென்னடியின் ஆலோசகர்களில் ஒருவர். மெக்லீன் பணமுள்ளவர்களின் இடம், கவிஞர் சில்வியா பிளாத்தும் அங்கே இருந்தவர். வலியை வெள்ளைத்தாளில் எழுதக் கிடைத்த வசதியைப் பற்றி அந்த நூல் போதுமான அளவு யோசிக்கவில்லை. தவிர, அதை வாசித்துவிட்டு 'நோயே இல்லை, எல்லாம் அதிகாரத்தின் கட்டுக்கதை' என்று கிளம்புகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பேர் வழக்குக்கு உரியது. வலி வழக்குக்கு உரியதல்ல.

இதற்கு மார்ஷா லினஹன் சாட்சி. 1961இல் பதினேழு வயதில் ஹார்ட்ஃபோர்டு நகர மனநல விடுதியில் தனியறையில் பூட்டி வைக்கப்பட்ட பெண் அவர். பிறகு உளவியலாளராகி, இந்த நோய்க்கென்றே ஒரு சிகிச்சையை உருவாக்கி, 1991இல் அதன் பலனை ஆய்வில் காட்டினார். தானும் இப்படிப்பட்ட நோயாளியாக இருந்தவளே என்பதை 2011இல்தான் வெளியில் சொன்னார். அந்தச் சிகிச்சையின் பெயர் 'டயலெக்டிக்கல்', அதாவது இயங்கியல். இருப்பதை இருப்பதாக ஏற்பது, அதை மாற்றவும் செய்வது. இயக்கக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் அது வாரா வாரம், ஒரு வருஷம், உட்கார்ந்து பேசுகிற வைத்தியம். இந்த நோயைத் தீர்க்கத் தனி மாத்திரை கிடையாது. கேசன் இருபது நிமிஷம் போதாது என்று சண்டை போட்டாள். அரசு மருத்துவமனை ஓ.பி. வரிசையில் நிற்கும் நம் சேரிப் பெண்ணுக்கு அந்த இருபது நிமிஷம் யார் கொடுத்தது? இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, சமூக அந்தஸ்தை வைத்தோ, ஊர் ஒழுக்கத்துக்கு ஒத்துப்போகவில்லை என்பதற்காகவோ ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. 'அடங்காதவ' என்ற பட்டத்தை மருத்துவச் சொல்லாக்க முடியாது என்பதற்கு அது கையில் உள்ள ஆயுதம். பேசுவதற்கு ஆளும் நேரமும் கேட்டு வாங்குவது அடுத்த போராட்டம். கோரிக்கைப் பட்டியலில் கூலி, நிலம், பட்டாவுக்குக் கீழே இதையும் ஒரு வரியாக எழுதச் சொல்கிறேன்.