மிருதங்கம் செய்கிறவரின் ஒரு நாள்

பத்திரிகைகளில் ஒருவகைக் கட்டுரை அடிக்கடி வருகிறது. யாரிடமும் வேலை பார்க்காமல் தானே சொந்தமாக இயங்கும் கைவினைக் கலைஞர் ஒருவரின் ஒரு நாள். ஜன்னலோரம் மேசை. மண்ணோ நூலோ காகிதமோ கையில் எடுக்கிறார். ஒன்று உடைந்துபோகிறது, மறுபடி செய்கிறார். சாயங்காலம் முடிந்த பொருளின் அடியில் தன் பெயரைப் பொறிக்கிறார். படங்கள் அழகாக இருக்கும், விலை கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கும். இந்தக் கட்டுரைகளை நான் பழிக்க வரவில்லை. ஒரு மனிதர் கையால் செய்வதை உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கிற பழக்கம் நல்ல பழக்கம்தான். ஆனால் நான் படித்தவரையில் அந்த மேசைமேல் ஒருமுறைகூட மாட்டுத்தோல் இருந்ததில்லை.

கை ஒன்றுதான், கையில் இருக்கிற பொருளைப் பார்த்துத்தான் பட்டம் கொடுக்கிறார்கள். மிருதங்கம் வாசிக்கிறவர் வித்வான். பலாக்கட்டையைக் கடைந்து கொடுக்கிறவர் ஆசாரி. அந்தக் கட்டைக்கு மூட்டு அடித்து, வார் பிடித்து, கருப்பு வைத்து, அதைப் பேச வைக்கிறவர்? 'மிருதங்கம் ரிப்பேர் பண்ற ஆளு.' அவ்வளவுதான். கலைஞர், கைவினைஞர், தொழிலாளி, ஆள் என்று இறங்கி வருகிற இந்தப் படிக்கட்டு மொழியில் தானாக முளைத்ததில்லை. சாதி கட்டியது.

என் சித்தப்பா தஞ்சாவூரில் இந்த வேலை செய்தவர். அவருடைய ஒரு நாளை அந்தக் கட்டுரைக்காரர்கள் எழுதுகிற மாதிரியே நானும் எழுதிப் பார்க்கிறேன்.

விடியக்காலையில் ஊறப்போட்ட தோலை எடுத்து மோந்து பார்ப்பார். "பதம் வந்துருச்சா இல்லையான்னு மூக்குதான்டா சொல்லும்" என்பார். மயிர் களைந்து, இழுத்துக் கட்டி, வெயிலில் காயவைப்பார். மிருதங்கத் தோல் செருப்புத் தோல் மாதிரிப் பதனிட்டது கிடையாது, பச்சைத் தோல். அதனால் வீச்சம் போகாது. சோற்றில் இருக்கும், பாயில் இருக்கும், நான் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போன சட்டையில் இருக்கும். நான் இருந்த பெஞ்சில் மூன்று பேர் உட்காரலாம். நான் மட்டும்தான் உட்கார்ந்தேன்.

ஒரு மிருதங்கத்தில் மாடு, எருமை, ஆடு என மூன்று மிருகங்களின் தோல் இருக்கிறது. வலந்தலையில் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் ஒன்றன்மேல் ஒன்றாக வளையம் வளையமாக உட்காரும். இரண்டு தலையையும் இழுத்துப் பிடிக்கிற வார் எருமைத் தோல். எந்தத் தோலின் எந்தப் பகுதியை எதற்கு அறுப்பது என்று சித்தப்பா விரலால் தடவியே முடிவு செய்வார். கன்று போட்ட பசுவின் தோல்தான் வலந்தலைக்கு வாகு என்பது தொழிலில் இருக்கிறவர்கள் சொல்வது. வயிறு விரிந்து சுருங்கிய தோலுக்கு ஒரு தனி இளக்கம் உண்டாம்.

பிறகு கருப்பு. கிட்டான் கல்லை இடித்து, துணியில் சலித்து, குழைந்த சோற்றோடு பிசைந்து நடுவில் ஒட்டுவார். கூழாங்கல்லால் தேய்ப்பார். காய்ந்ததும் இன்னொரு ஒட்டு, மறுபடி தேய்ப்பு. இப்படி மணிக்கணக்கில். தேய்க்கத் தேய்க்கக் கருப்பில் மயிரிழை மாதிரி வெடிப்பு விடும். அந்த வெடிப்பு விட்டால்தான் நாதம் பேசும். உள்ளே ஈர்க்குச்சித் துணுக்கு வைத்தால் ஒரு நாதம், பொடிக்கல் வைத்தால் வேறு நாதம். முதலாவது குச்சி மிருதங்கம், இரண்டாவது கப்பி மிருதங்கம். பெண் பாடகருக்கு வாசிக்கிறதென்றால் சுருதி கூட வேண்டும், கட்டை சிறுசாக வேண்டும், தோலின் கனமும் மாற வேண்டும். இத்தனைக்கும் வித்வான் சொல்லி அனுப்புவது ஒரே வரி: "கொஞ்சம் மந்தமா இருக்குன்னு சொல்லு." அந்த 'மந்தம்' எந்தத் தோலில் இருக்கிறது, எத்தனை ஒட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது யாருடைய மூளை? கேட்டுச் சொன்னவருடையது சங்கீத ஞானம், கேட்டதைப் பொருளாகச் செய்தவருடையது கைப்பழக்கம் என்று பிரித்துவைத்தவர்கள் யார்?

முடித்ததைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார். ஒரு வித்வான் வீட்டில் (பெயர் எதற்கு, அவர் ஒருவர் மட்டுமா?) பின்வாசல் வழி. தண்ணீர் கேட்டால் தனி டம்ளர், அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். சாயங்காலம் அதே வித்வான், அதே தோலைப் பத்து விரலாலும் தொட்டு வாசிப்பார். தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டுவதும் கச்சேரி முடிந்து சுரண்டுவதும் அவர் கைதான். தோல் மேடை ஏறும்போது தீட்டு எங்கே இறங்கிக்கொள்கிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்காத சங்கதி.

பெயரும் போடத்தான் செய்தார் சித்தப்பா. பழைய மூட்டைக் கழற்றியதும் கட்டையின் உள்பக்கம் பென்சிலால் தேதியும் பெயரின் முதல் எழுத்தும். புது மூட்டு ஏறியதும் அது மூடிப்போகும். அடுத்து யார் கழற்றுகிறாரோ அவருக்குத்தான் தெரியும். அவரும் நம்ம ஆளாகத்தான் இருப்பார்.

இப்போது புத்தகத்துக்கு வருகிறேன். டி.எம். கிருஷ்ணா ஆங்கிலத்தில் எழுதிய 'செபாஸ்டியன் அன்ட் சன்ஸ்' 2020இல் வந்தது. மிருதங்கம் செய்கிறவர்களின் வரலாறு. அவர்களில் மிகுதியானவர்கள் தலித் கிறித்தவர்கள். வெளியீட்டு விழாவுக்கு இடம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த கலாக்ஷேத்ரா, நூலின் ஒரு பகுதி நாளேட்டில் வந்ததும் அனுமதியை விலக்கிக்கொண்டது. பிப்ரவரியில் விழா சென்னை ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது. மிருதங்கத்தில் மாட்டுத்தோல் இருக்கிறது என்பது சபாவில் உட்காருகிற ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்ததை எழுத்தில் வைத்ததும்தான் பிரச்சினை. பார்ப்பனியம் எப்போதும் இப்படித்தான். செய்ததைப் பொறுக்கும், சொன்னதைப் பொறுக்காது.

எழுதியவர் பார்ப்பனர் என்பதற்காக நூலைத் தள்ளவும் வேண்டாம், பார்ப்பனரே எழுதிவிட்டார் என்று மாலை போடவும் வேண்டாம். நூலின் பலம் ஒன்று உண்டு. செய்கிறவரை அது அறிவாளியாக நடத்துகிறது. பாலக்காடு மணி ஐயருக்கு 1966இல் சங்கீத கலாநிதி கிடைத்தது. மிருதங்கக்காரர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல்முறை. அவருக்கு மிருதங்கம் செய்தவர் பர்லாந்து. இந்த இரண்டு பெயர்களையும் ஒரே வாக்கியத்தில், ஒரே மரியாதையில் படிக்க ஐம்பது வருஷத்துக்குமேல் ஆகியிருக்கிறது. தோல், கல், சோறு பற்றிய பகுதிகளைச் சித்தி வீட்டில் சத்தமாகத் தமிழில் சொல்லிக் காட்டினேன். "இதெல்லாமா புத்தகத்துல போடுவாங்க?" என்று கேட்டார். கேட்டதில் சந்தோஷமும் இருந்தது, சந்தேகமும் இருந்தது.

ஆனாலும் எனக்குச் சண்டை இருக்கிறது. முதலாவது தலைப்போடு. நகைக்கடைப் பலகை மாதிரி ஒரு தலைப்பு. பலகையே இல்லாதவர்களுக்குப் பலகை வைத்துத் தருகிற யோசனை, நல்லதுதான். ஆனால் அந்த 'சன்ஸ்' என்ற சொல்லுக்குள் என் சித்தி இல்லை. கிட்டான் கல்லை உலக்கையால் இடித்தவர் அவர். சலித்து, கண்ணில் தூள் விழுந்து, கண்ணைக் கசக்கியபடியே சோறு குழைய வடித்தவர் அவர். கருப்பு வைத்தவர் சித்தப்பா என்றால் கருப்பைச் செய்தவர் சித்தி. தகப்பன், மகன், பேரன் என்று கோடு போட்டாலே அந்தக் கை அழிந்துபோகிறது. இரண்டாவது, செய்கிறவரின் பெருமை பெரிய வித்வானின் பெருமையில் தொங்கிக்கொண்டிருப்பதாகவே எனக்குப் படுகிறது. பெரிய வித்வானுக்குச் செய்தவர் பெரிய தொழிலாளி. பஜனை மடத்துக்கும், மிருதங்கம் பழகுகிற பிள்ளைகளுக்கும் செய்தே காலத்தை ஓட்டியவரை எந்தக் காதால் அளப்பது? சித்தப்பா அந்த வகை.

மூன்றாவது சண்டை நம்மோடு. பறையைப் பற்றி நாம் எவ்வளவோ எழுதிவிட்டோம். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று தூக்கிப் போட்டோம், பிறகு விடுதலை இசை என்று கையில் எடுத்தோம். 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ வந்தது. மிருதங்கம் செய்கிறவர் பற்றி நம் பக்கங்களில் என்ன எழுதினோம்? ஒரு தோழர் என்னிடம் சொன்னார்: "அது சபாக்காரனுக்குச் செய்யிற அடிம வேல, அத என்னத்த எழுதுறது?" அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. 1927இல் மஹத்தில் அம்பேத்கர் செத்த மாட்டை விட்டொழியுங்கள் என்றுதான் சொன்னார். 2016இல் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்தவர்களைக் கட்டிவைத்து அடித்தபோது, குஜராத் தலித்துகள் இனி உங்கள் மாட்டை நீங்களே தூக்குங்கள் என்று வேலையை நிறுத்தினார்கள். சரியான பதில். இன்னொரு பக்கம் காஞ்சா அய்லய்யா, தோல் வேலை ஒரு விஞ்ஞானம், அதைக் கண்டுபிடித்தவர்கள் நாம் என்கிறார். அதுவும் சரி. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? வேலையை விட்டுப் போகிற உரிமை இல்லாதவரைச் 'சுதந்திரக் கலைஞர்' என்று பாராட்டுவது ஏமாற்று. விட்டுப் போனவரின் அறிவை அடிமைத்தனம் என்று ஒரே அடியாகப் புதைப்பதும் ஏமாற்றுதான்.

ஒன்றிய அரசு 2023 செப்டம்பரில் விஸ்வகர்மா திட்டம் என்று ஒன்று தொடங்கியது. 18 தொழில்களின் பட்டியல். தச்சர் உண்டு, பொற்கொல்லர் உண்டு, செருப்புத் தைப்பவரும் உண்டு. தோல் வாத்தியம் செய்கிறவர் அதில் இல்லை. அப்பன் தொழிலை மகன் தலையில் கட்டுகிற திட்டம் என்று தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. எதிர்த்தவர்கள் பக்கம்தான் நான். அதற்காக, பட்டியலில்கூட இடமில்லாதவரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா?

சித்தப்பா மகன் இந்த வேலைக்கு வரவில்லை. செல்போன் கடையில் இருக்கிறான். "நாத்தம் என்னோட போவட்டும்" என்று சந்தோஷமாக அனுப்பிவைத்தவர் சித்தப்பாதான். அதே சித்தப்பா, ராத்திரி ரேடியோவில் கச்சேரி போனால் சோற்றில் கையை வைத்தபடி நிறுத்திவிடுவார். "இது நம்ம மூட்டு" என்பார். எப்படித் தெரியும் என்றால், "பெத்தவளுக்குப் புள்ளையோட அழுகை தெரியாதா?" என்பார். ரேடியோவில் வாசித்தவர் பெயரைச் சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டே மிச்சச் சோற்றைச் சாப்பிடுவார்.

இப்போது செயற்கைத் தோல் மிருதங்கம் வந்துவிட்டது. வாருக்குப் பதில் நட்டும் போல்ட்டும். வெயிலுக்கும் மழைக்கும் சுருதி கலையாது, விமானத்தில் கொண்டுபோகச் சுலபம் என்கிறார்கள். நம் வீடுகளிலிருந்து வீச்சம் போவதானால் எனக்கு ஆட்சேபணை இல்லை. சுத்தம் என்று சொல்லிக்கொண்டு அதை வாங்குகிறவர்களும் உண்டு. அந்தச் சொல்லுக்குத்தான் ஆட்சேபணை.

தோலின் பதத்துக்கு மட்டும் சித்தப்பா தனித்தனிச் சொற்கள் வைத்திருந்தார். ஈரத்துக்கு ஒன்று, முறுக்குக்கு ஒன்று, வெயில் கூடிப்போனால் ஒன்று. எனக்கு நினைவில் நிற்பவை ஏழோ எட்டோதான். அவர் போய் ஆறு வருஷமாகிறது. சித்திக்குத் தெரிந்தவற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். தஞ்சாவூரிலோ, சென்னையிலோ, வேறெங்கோ இந்த வேலை செய்த வீட்டில் பிறந்தவர்கள் இந்த இதழைப் படித்தால், உங்கள் வீட்டுச் சொற்களை ஆசிரியர் முகவரிக்கு எழுதி அனுப்புங்கள். கல் இடித்தவர்களையும் கேட்டு எழுதுங்கள். எழுத வராது என்றால் ஒரு அட்டை போடுங்கள், நானே வந்து கேட்டு எழுதிக்கொள்கிறேன்.